பணக்காரத் தெரு, ஏழைத் தெரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளாதாரம், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பொது அறிவு. சனி, ஞாயிறுகளில் வெளியூரிலிருந்து வரும் தெரிந்தவர்களைக் கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் கூட்டிப்போய் பழைய செட்டிநாட்டு வீடுகளைக் காட்டுவதும் உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே சந்தேகம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. எந்த ஊரை எடுத்தாலும் வசதியானவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம் என்று ஏன் குடியிருக்கிறார்கள்? வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலையும் வைத்திருக்கிறேன்.

சார், இப்படித் தனித்தனியாப் பிரிச்சு வச்சது யாரு? சட்டம் ஏதும் இருக்கா?

சில இடங்களில் சட்டமே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1950-ல் சட்டம் போட்டு, எந்த நிறத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று வகுத்தார்கள். சென்னையிலும் கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்றுதான் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் ஆரம்பித்தார்கள். இன்று நம் ஊர்களில் அப்படிச் சட்டம் கிடையாது. பெரும்பாலும் பிரித்து வைப்பது மனை விலை.

கோவிலில் ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். பொருள் ஒன்று, கேட்பவர் பலர், யார் கை ஓங்குகிறதோ அவருக்குப் போகும். நிலமும் அப்படித்தான், ஒரு வித்தியாசம்: இங்கே ஏலம் நாள்தோறும் நடக்கிறது, யாரும் மணி அடிப்பதில்லை. இதை நகரத்துக்குப் பொருத்திக் கணக்காக எழுதிக் காட்டியவர் வில்லியம் அலோன்சோ என்ற அமெரிக்கர், 1964-ல். ஊரின் நடுவிலிருந்து விலக விலக வாடகை குறையும், போக்குவரத்துச் செலவு கூடும்; ஒவ்வொரு குடும்பமும் இரண்டையும் தட்டிப் பார்த்து, கட்டுபடியாகிற இடத்தில் உட்காரும். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் இடம் விலை ஜாஸ்தி. அப்ப பணக்காரங்க அங்கேதானே இருக்கணும்? ஏன் ஊருக்கு வெளியே போய் பங்களா கட்டுறாங்க?

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். ஒரு கணக்குப் போடுவோம். எண்களெல்லாம் சும்மா வைத்துக்கொள்வதுதான். ஒரு தம்பி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். கடைக்குப் பக்கத்தில் வீட்டு வாடகை 7,000 ரூபாய், 12 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் 3,500. போக வர 24 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்றால், 26 நாளைக்கு ஏறத்தாழ 1,400. கையில் மிச்சம் 2,100. ஆனால் நாளைக்கு ஒரு மணி நேரம் ரோட்டில் போகிறது. அவருடைய ஒரு மணி நேரம் 60 ரூபாய் பெறும் என்றால் மாதம் 1,560 கழியும். கடைசியில் நிற்பது 540 ரூபாய். அதற்காகத்தான் அவர் கிராமத்திலிருந்து வருகிறார். அதே 26 மணி நேரம், மணிக்கு 600 ரூபாய் சம்பாதிக்கிற டாக்டருக்கு 15,600 ரூபாய். அவர் எதற்கு வெளியே போக வேண்டும்?

இந்த வரைக்கும் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் டாக்டர் கேட்பது ஒரு ரூமும் அடுப்படியும் இல்லை. காருக்கு இடம், தோட்டம், மாமனார் மாமியாருக்குக் கீழே ஒரு அறை என்று பத்து சென்ட் வேண்டும். நடுவில் சென்ட் பத்து லட்சம், வெளியே இரண்டு லட்சம் என்றால் பத்து சென்ட்டுக்கு வித்தியாசம் எண்பது லட்சம். நேரம் என்கிற கயிறு அவரை உள்ளே இழுக்கிறது, இடம் என்கிற கயிறு வெளியே இழுக்கிறது. வருமானம் ஏறும்போது எந்த ஆசை வேகமாக ஏறுகிறதோ அந்தக் கயிறு ஜெயிக்கும்.

ஏழைகளும் நடுவில் இருப்பார்கள், ஆனால் நெருக்கிக்கொண்டு. கால் சென்ட்டில் ஆறு பேர் படுத்தால் சென்ட் என்ன விலை விற்றாலும் ஆளுக்கு வருவது கொஞ்சம்தான். மும்பையின் மத்தியில் தாராவி இருப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

என் மகன் இருக்கிற அமெரிக்காவுல நடு ஊர்ல ஏழைங்களாம். பாரிஸ்ல நடுவுல பணக்காரங்களாம். எதுதான் சரி?

இரண்டும் சரி. 1925-ல் சிகாகோவை வைத்து எர்னஸ்ட் பர்ஜெஸ் என்பவர் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு படம் போட்டார்: நடுவில் கடைவீதி, அதைச் சுற்றி ஏழைகள், வெளியே போகப் போக வசதியானவர்கள். ரொம்ப நாளைக்கு எல்லா நகரமும் அப்படித்தான் என்று பாடப்புத்தகங்களில் ஓடியது. பாரிஸ் அதற்கு அடங்கவில்லை. 1850-களிலும் 60-களிலும் ஓஸ்மான் என்ற நிர்வாகி பழைய சந்துகளை இடித்து அகலமான சாலைகளும் பூங்காக்களும் போட்டார். இடிபட்டவர்களில் பலர் ஓரத்துக்குப் போனார்கள், நடுப்பகுதி வசதியானவர்களுக்கு இன்னும் இனித்தது. நடுவில் ஆறு, பழைய கட்டடம், அழகு என்று இருந்தால் காசுள்ளவன் நடுவில் இருப்பான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் அந்தக் கவர்ச்சி இல்லாததால் வெளியே போனான். 1999-ல் மூன்று பொருளாதார அறிஞர்கள் இந்த இரண்டு ஊரையும் தலைப்பிலேயே வைத்து இதைத்தான் எழுதினார்கள்.

அமெரிக்கக் கதையில் இன்னொரு பாதி உண்டு. அங்கே கார் இல்லாமல் வெளியே குடியிருக்க முடியாது. பஸ்ஸும் ரயிலும் ஓடுவது நடு ஊரில். 2008-ல் எட்வர்ட் கிளேசரும் இன்னும் இருவரும் எழுதிய ஆய்வு, ஏழைகள் நடு நகரத்தில் தங்குவதற்குப் பெரிய காரணம் பொதுப் போக்குவரத்துதான் என்றது. நம் ஊரில் பஸ் கிராமத்துக்கும் போகிறது, அதனால் கணக்கு மாறுகிறது. பஸ்ஸைப் பற்றிக் கீழே தனியாகவே ஒரு கேள்வி வருகிறது.

அந்தக் காலத்துல இந்தப் பிரிவினையெல்லாம் இல்லாம ஒண்ணு மண்ணாத்தானே இருந்தாங்க?

இதைக் கேட்பவர்கள் வயதானவர்கள். மறுத்தால் கோபம் வரும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் பூர்வீகம் என்று சொல்லிக்கொள்கிற காவிரிப்பூம்பட்டினமே இரண்டு பாக்கமாகத்தான் இருந்தது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் கணக்காக இருக்கிறது. கடலோர மருவூர்ப்பாக்கத்தில் யவனர், நெய்பவர், மீன் விற்பவர், உப்பு விற்பவர், குயவர், கொல்லர், தையற்காரர். உள்ளே தள்ளிப் பட்டினப்பாக்கத்தில் அரச வீதி, பெருங்குடி வாணிகரின் மாட வீதி, மறையோர், மருத்துவர், சோதிடர். இரண்டுக்கும் நடுவில் மரங்களடர்ந்த சோலையில் நாளங்காடி. குடியிருக்கத் தனித்தனி இடம், வாங்க விற்க ஓரிடம்.

ஆனால் தூரம் குறைவு, அதுதான் பெரிய வித்தியாசம். லிஃப்ட் வராத காலத்தில் பாரிஸில் ஒரே கட்டடத்தின் கீழ் மாடியில் சீமானும், மொட்டை மாடிக்கு அடியில் இருந்த பொந்து அறையில் வேலைக்காரியும் இருந்தார்கள். படி ஏற ஏற வாடகை குறைந்தது. நடந்தே வேலைக்குப் போகிற காலத்தில் வேலை வாங்குகிறவரும் செய்கிறவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எங்கள் பக்கம் வாருங்கள். வருகிறவர்களை முகப்பு வாசற்படியில் நிற்க வைத்து, நேரே பாருங்கள் என்பேன். முகப்பு தாண்டி வளவு என்கிற நடு முற்றம், வளவு தாண்டி இரண்டாங்கட்டு, அடுப்படி, கடைசியில் கொல்லைக் கதவு, எல்லாம் ஒரே நேர்கோட்டில். நிழலும் வெயிலும் மாறி மாறி விழுந்து, கடைசியில் ஒரு கதவளவு வெளிச்சம். அது அடுத்த தெரு. போன வாரம் பார்த்தபோது அந்த வெளிச்சத்தில் ஒரு ஆடு குறுக்கே போனது. ஒரு வீட்டுக்கு இரண்டு தெரு. முன் தெருவில் கல்யாண ஊர்வலம் வந்து இறங்கும். பின் தெரு வழியாகத் தண்ணீர், விறகு, பாத்திரம் தேய்க்கிறவர், நெல் குத்துகிறவர். ஏழையும் பணக்காரரும் ஒரே கூரைக்குக் கீழேதான் பகல் முழுக்க இருந்தார்கள், வந்து போன கதவுதான் வேறு. அந்தி சாய்ந்ததும் பின் கதவால் போனவர்களின் வீடு ஊரோரத்தில். ஒண்ணு மண்ணாக இருந்தார்கள் என்று நினைவு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முன் கதவால் வந்தவர்கள் என்பது என் அனுபவம்.

எங்க தெருவுல பெரிய வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு. இது பணக்காரத் தெருவா, ஏழைத் தெருவா?

பள்ளத்தூர்ப் பையன் ஒருவன் கேட்டது. டியூஷனில் எனக்குக் கிடைத்த நல்ல கேள்விகளில் ஒன்று.

அந்த வீடுகளைக் கட்டிய பணம் பெரும்பாலும் பர்மா, மலாயா, இலங்கையிலிருந்து வந்தது. பர்மாவின் தெற்கே நெல் விவசாயிகளுக்குச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் நாலில் ஒரு பங்கு அடமானம் வைத்தவர்களிடமிருந்து செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. பணம் நிலமாக உறைந்தது. பிறகு ஜப்பான் படை வந்தது, 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயமாக்கியது. போட்டது போனது. அடுத்த தலைமுறை சென்னை, மதுரை, கோலாலம்பூர் என்று வேலையும் தொழிலும் இருக்கும் இடத்துக்குப் போனது. வீடு இங்கேயே நின்றது. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போடமாட்டார். விற்கவும் முடியாது, இடிக்கவும் மனசு வராது. கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் வந்து கதவைத் திறப்பார்கள்.

நான் அடிக்கடி போகும் ஒரு வீட்டை ஒரு அக்கா பார்த்துக்கொள்கிறார். முன் கதவுச் சாவி முழங்கை நீளம், அவர் இடுப்பில் செருகியிருப்பார். பர்மா தேக்குத் தூண்கள் நிற்கிற வளவைத் தினமும் பெருக்குகிறார். குடும்பத்தோடு அவர் இருப்பது கடைசிக் கட்டின் ஒரு மூலை: ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, நாலு பிளாஸ்டிக் குடம். அவருடைய ரேஷன் கார்டில் இருக்கிற கதவு எண் அந்தப் பெரிய வீட்டின் கதவு எண். தெருவைப் பார்த்துக் கணக்கெடுக்க வருகிறவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்?

பையனுக்கு நான் சொன்ன பதில்: சொத்து பணக்காரத் தெரு, குடியிருப்பு ஏழைத் தெரு. முன்பு இரண்டு தெரு தூரத்தில் இருந்த பிரிவு இன்று நானூறு கிலோமீட்டராக நீண்டிருக்கிறது. பணக்காரப் பகுதி சென்னையில், அதன் கொல்லைப்புறம் இங்கே.

காத்து, தண்ணி இதுக்கெல்லாம் இதுல பங்கு உண்டா?

உண்டு. இங்கிலாந்தின் பழைய தொழில் நகரங்களில் கிழக்குப் பக்கம் ஏழைகள் இருப்பது வழக்கம். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். நிலக்கரிப் புகை கிழக்கே போய் இறங்கும், முடிந்தவர்கள் மேற்கே நகர்ந்தார்கள். 70 நகரங்களை ஆராய்ந்து பார்த்தவர்கள், புகைபோக்கிகள் போன பிறகும் அந்தப் பிரிவு போகவில்லை என்று கண்டார்கள். காற்று சுத்தமாகிவிட்டது, தெருவின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

நம் ஊரில் புகையின் வேலையைத் தண்ணீர் செய்கிறது. செட்டிநாட்டு வீடுகள் எல்லாம் மேட்டில், உயர்ந்த அடித்தளத்தின் மேல். கூரையில் விழும் மழை வளவில் இறங்கி, கால்வாய் வழியே ஊரணிக்குப் போகும். மேட்டிலிருந்து வடிகிற தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கேதான் குடிசை போட யாரும் தடை சொல்லாத இடம் இருக்கும். சென்னையில் கூவம், அடையாற்றுக் கரை. இங்கே கண்மாய்க்கரை, ஓடைப் புறம்போக்கு.

எல்லாத்துக்கும் பணம் பணம்னு சொல்றீங்க. சாதிதானே சார் உண்மையான காரணம்?

முதல் கேள்வியில் ‘பெரும்பாலும்’ என்று ஒரு வார்த்தை போட்டேன், கவனித்தீர்களா? மீதி இதுதான். ஊர் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் குடியிருப்பு இன்னொரு பக்கம் என்று நம் கிராமங்கள் இருப்பதற்கு மனை விலை காரணமே இல்லை. விலை பேசவே விடாததுதான் காரணம். ஏலத்தில் கை தூக்க அனுமதித்தால்தானே ஏலக் கணக்கு செல்லும்? அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக்கடனுக்காகப் போட்ட அரசு வரைபடங்களில் கறுப்பின மக்கள் இருந்த பகுதிகளுக்குச் சிவப்பு அடித்தார்கள். கையில் காசு இருந்தாலும் கடன் கிடைக்காது. 1968-ல் சட்டம் வந்துதான் வீட்டு விஷயத்தில் பாகுபாடு சட்டவிரோதமானது.

இங்கே யாரும் வரைபடம் போடுவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ‘சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு’ என்பார்கள். அல்லது ‘கவிச்சி சாப்பிடுவீங்களா’ என்பார்கள். செட்டிநாட்டுக் கோழி என்று ஊர் பேரை உலகமெல்லாம் விற்றுவிட்டு இப்படியொரு கேள்வி! என்னிடம் படித்து நல்ல சம்பளத்துக்குப் போன பையன் ஒருவன் இந்தக் கேள்வியைத் தாண்ட முடியாமல் மூன்று மாதம் நண்பன் அறையில் கிடந்தான். அரசுக்கும் இது தெரிந்துதான் இருந்தது: 1997-ல் தொடங்கிய சமத்துவபுரங்களில் நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று கலந்து கொடுத்தார்கள். 2025-ல், ஆதிதிராவிடர் குடியிருப்பைச் சுட்டும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். பேச்சு வழக்கிலிருந்து அது போக இன்னும் நாளாகும்.

நம்ம ஆளுங்க பக்கத்துல இருக்கணும்னு நினைக்கிறது தப்பா? நான் யாரையும் வெறுக்கலையே?

ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். கட்டம் போட்ட தாளில் சோழியும் புளியங்கொட்டையும் கலந்து பரப்புங்கள், சில கட்டங்களைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு சோழிக்கும் ஒரே நிபந்தனை: சுற்றியிருப்பவர்களில் மூன்றில் ஒருவராவது சோழியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலிக் கட்டத்துக்கு நகரும். புளியங்கொட்டைக்கும் அப்படியே. மூன்றில் இரண்டு பேர் வேறு ஆளாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற, ரொம்பப் பெருந்தன்மையான நிபந்தனை. ஆனால் அரைமணி நேரம் நகர்த்தினால் சோழியும் கொட்டையும் தனித்தனித் திட்டுகளாகத் திரண்டுவிடும். தாமஸ் ஷெல்லிங் 1971-ல் இதை எழுதிக் காட்டினார். வெறுப்பே இல்லாமலும் ஊர் பிரியலாம் என்பதற்கு இது சான்று. நம் ஊர் அப்படித்தான் பிரிந்தது என்பதற்கு இது சான்று ஆகாது. மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு இதைக் கேடயமாகத் தூக்காதீர்கள்.

அரசாங்கமே வீடு கட்டிக் கொடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துச்சுல்ல?

எங்கே கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டினார்கள். பிறகு நகரத்துக்குள் நிலம் கிடைக்காமல், 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் நடுவிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். வீடு கான்கிரீட், வேலை பழைய இடத்தில். ஜவுளிக்கடைத் தம்பியின் கணக்கை வீட்டுவேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறரைக்கு மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்க வேண்டியவர் எத்தனை மணிக்குக் கிளம்புவார்? வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. தூரம் மாறவில்லை.

பொம்பளைங்களுக்கு பஸ் இலவசம்னு ஆனதுனால இதுல ஏதும் மாறுமா?

2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஜவுளிக்கடைக் கணக்கில் 1,400 ரூபாய் என்ற வரியைப் பூஜ்யமாக்குங்கள், 540 ரூபாய் மிச்சம் 1,940 ஆகிவிடும். கிராமத்தில் இருந்துகொண்டே டவுனில் வேலை பார்ப்பது பெண்களுக்குக் கட்டுபடியாகிறது. நேரம் மட்டும் அப்படியே நிற்கிறது, பஸ் தாமதமானால் கூடுகிறது.

எங்க இருந்தா என்ன சார், படிக்கிற பிள்ளை எங்கேயும் படிக்கும்?

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், மாற்றிக்கொண்டேன். 1990-களில் அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் போட்டு, சிலருக்கு வறுமை குறைந்த பகுதிக்குப் போக, வாடகைக்கு அரசு உதவி தரும் சீட்டு கொடுத்தார்கள். தமிழ்ப் பூர்வீகமுள்ள ராஜ் செட்டியும் கூட்டாளிகளும் அந்தப் பிள்ளைகளைப் பல வருடம் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வயது கூடிய பிறகு மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, கொஞ்சம் நட்டம் கூட. குலுக்கல் என்பதால் ‘அவர்கள் கெட்டிக்காரக் குடும்பம்’ என்று தள்ளிவிட முடியாது. (இதைச் சொன்னதும், செட்டி என்ற பெயரை வைத்து, ‘நகரத்தாரில் அவர் எந்தக் கோவில் பிரிவு?’ என்று கேட்டவர்கள் மூன்று பேர். அது இந்தப் பக்கத்தின் கேள்விகளில் சேராது.)

காரைக்குடி மாநகராட்சி ஆயிடுச்சு. பைபாஸ் பக்கம் ஒரு மனை போட்டு வைக்கலாமா?

2024-ல் மாநகராட்சி ஆனதிலிருந்து வாரம் ஒருவர் கேட்கிறார். நான் புரோக்கர் இல்லை. ஏறுமா என்று கேட்டால், ஊர் பெரிதாகும்போது ஓரம் உள்ளே வரும், ஓரத்து மனை ஏறும். இரண்டாம் கேள்வியின் கயிறுகள் அப்படியே. ஏற்கனவே அங்கே மாட்டுக்கொட்டகையும் ஓலைக்கூரையுமாக இருப்பவர்கள், பட்டா இருந்தால் விற்றுவிட்டு இன்னும் தள்ளிப் போவார்கள், பட்டா இல்லாவிட்டால் விற்காமலே தள்ளிப் போவார்கள்.

வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டால் கோடையில் போய்ப் பார்க்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மனைக்குள் நடந்து பாருங்கள். பக்கத்தில் ஆடு மேய்க்கிறவரிடம் இது எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கும் உள்வாய் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியும்.